தொல்லியலும் மனிதப் பரிணாமமும் எழுதும் செய்தியாளர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழங்கால மனிதர்களைப் பற்றிச் செய்தி எழுதுவதையே வேலையாக வைத்திருப்பதால், இதழியல் மாணவர்களிடமிருந்தும் இந்தப் பக்கம் வர ஆசைப்படுபவர்களிடமிருந்தும் ஏறக்குறைய ஒரே கேள்விகள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். சிலவற்றுக்கு நாலு வரி போதும். சிலவற்றுக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த வேலையில் என்னதான் செய்வீர்கள்? நீங்களும் குழி தோண்டுவீர்களா?

தோண்டுவது ஆய்வாளர்களின் வேலை. எங்கள் நாளில் பெரும்பகுதி படிப்பதிலும், தொலைபேசியில் கேள்வி கேட்பதிலும், கேட்டதை வைத்து மறுபடி படிப்பதிலும் போகும். ஒரு மண்டையோடோ கற்கருவியோ கிடைத்தது என்பது செய்தியில் பாதிகூட ஆகாது. எந்த மண்ணடுக்கில் கிடந்தது, அந்த அடுக்கின் வயதை எப்படிக் கண்டார்கள், வேறு விளக்கத்துக்கு இடம் இருக்கிறதா என்பதையெல்லாம் வாசகருக்குப் புரியும்படி சொல்லத்தான் செய்தியாளர் தேவை. என்ன கிடைத்தது என்று பல்கலைக்கழகத்தின் செய்திக்குறிப்பே சொல்லிவிடும். அது எப்படித் தெரியும் என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் இருக்கும்.

தொல்லியலில் பட்டம் வேண்டுமா?

கட்டாயம் இல்லை. அறிவியல் படித்துவிட்டு எழுத வந்தவர்களும் உண்டு, அன்றாடச் செய்தியில் இருந்துவிட்டு இங்கே வந்தவர்களும் உண்டு. பட்டம் இல்லாவிட்டாலும் மூன்று விஷயங்கள் கைவர வேண்டும். மண்ணடுக்குப் படத்தைப் பார்த்து எது மேலே, எது கீழே, எது பின்னால் வந்து கலந்தது என்று படிக்கத் தெரிய வேண்டும். வயதுக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறி போட்டிருக்கும் எண் என்ன சொல்கிறது என்று புரிய வேண்டும். உடற்கூறியலில் எலும்புகளின் பெயர்களாவது தெரிய வேண்டும். முடிந்தால் ஒரு பருவமாவது அகழாய்வில் தன்னார்வலராக உட்கார்ந்து மண் சலித்துப் பாருங்கள். பத்துப் புத்தகம் படித்தாலும் அந்தப் பழக்கம் வராது.

செய்தி எப்படிக் கைக்கு வருகிறது?

பெரிய ஆய்விதழ்கள் கட்டுரையைச் சில நாள் முன்னதாகவே பதிவுசெய்த செய்தியாளர்களுக்கு அனுப்பிவிடும். குறித்த நேரம் வரை வெளியிடக் கூடாது என்பது நிபந்தனை. இதைத்தான் எம்பார்கோ என்கிறோம். 'நேச்சர்' இதழுக்கு வழக்கமாகப் புதன்கிழமை லண்டன் நேரம் மாலை 4 மணி. 'சயின்ஸ்' இதழுக்கு வியாழக்கிழமை அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரம் பிற்பகல் 2 மணி. அந்தச் சில நாள்களைக் கட்டுரையில் தொடர்பில்லாத நிபுணர்களிடம் பேசுவதற்குத்தான் செலவிட வேண்டும். ஆய்வுக்குழுத் தலைவரின் பேட்டியோடு நிறுத்திக்கொண்டால் செய்திக்குறிப்பையே வேறு வார்த்தையில் எழுதியதாகத்தான் ஆகும்.

செய்தி ஒரே கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதற்குத் துத்தன்காமன் கல்லறைக் கதையைச் சொல்வேன். 1922 நவம்பரில் ஹோவர்டு கார்ட்டர் அதைக் கண்டுபிடித்தார். பணம் போட்ட கார்னர்வன் பிரபு, 1923 ஜனவரியில் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழுக்கு 5,000 பவுண்டுக்குத் தனியுரிமை விற்றுவிட்டார். எகிப்துப் பத்திரிகைகள்கூட தம் நாட்டு மண்ணில் கிடைத்ததைப் பற்றி லண்டன் வழியாகத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை. ஏப்ரலில் கார்னர்வன் இறந்ததும், செய்திப் பஞ்சத்தில் இருந்த பத்திரிகைகளுக்கு 'மம்மியின் சாபம்' கிடைத்தது. 2002இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' வெளியிட்ட ஆய்வு ஒன்று, கல்லறையும் மம்மியும் திறக்கப்பட்டபோது அங்கே இருந்த 25 மேற்கத்தியர்களின் ஆயுளைக் கணக்கிட்டுப் பார்த்தது. அவர்கள் சீக்கிரம் இறந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை. கணக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் சாபம் இன்னும் தலைப்பில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆய்வுக்கட்டுரையை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

முன்னுரையும் முடிவுரையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பின்னிணைப்பைத் திறங்கள். பல சமயம் கட்டுரையைவிடப் பின்னிணைப்புதான் நீளமாக இருக்கும். உண்மையான சங்கதி அங்கேதான் கிடக்கும். எதிலிருந்து மாதிரி எடுத்தார்கள், எத்தனை மாதிரி, எத்தனை ஒதுக்கப்பட்டன, ஏன் ஒதுக்கினார்கள் என்று பாருங்கள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: வயது கணக்கிட்ட பொருளுக்கும் மனிதச் செயலுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறதா?

இந்தோனேசியாவின் குனுங் படாங் இதற்குச் சரியான பாடம். ஒரு குன்றின் உள்ளே 25,000 வருடத்துக்கும் மேற்பட்ட பிரமிடு புதைந்திருக்கிறது என்ற கட்டுரை 2023 அக்டோபரில் ஒரு தொல்லியல் ஆய்விதழில் வந்தது. உலகம் முழுக்கச் செய்தி ஆனது. துளையிட்டு எடுத்த மண்ணைத்தான் கார்பன் காலக்கணிப்புக்கு அனுப்பியிருந்தார்கள். மண்ணின் வயது அவ்வளவு இருக்கலாம், அதில் வியப்பில்லை. ஆனால் அந்த மண்ணோடு கருவியோ, கரியோ, எலும்போ, மனிதக் கை பட்டதற்கான எந்த அடையாளமோ இல்லை. 2024 மார்ச்சில் இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. பின்னிணைப்பு வரைகூடப் போகத் தேவையில்லை, கட்டுரையையே நிதானமாகப் படித்திருந்தால் அன்றைக்கே இந்தக் கேள்வி எழுந்திருக்கும்.

வயதுக் கணக்கை ஒரு செய்தியாளர் எப்படிச் சரிபார்ப்பது?

ஆய்வகக் கணக்கை நாம் திருப்பிப் போட முடியாது. ஆனால் எந்த முறை எதற்குப் பொருந்தும் என்று தெரிந்தால், பொருந்தாத இடம் கண்ணில் பட்டுவிடும்.

கார்பன் முறை ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருளுக்கு மட்டும்தான்: கரி, எலும்பு, விதை, மரம். கார்பன்-14இன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைந்துபோக ஆகும் காலம், சுமார் 5,730 ஆண்டு. அதனால் ஏறக்குறைய 50,000 ஆண்டுக்கு மேல் போனால் அளக்கிற அளவுக்கு மிச்சம் இருக்காது. யாராவது 3 லட்சம் ஆண்டு என்று கார்பன் முறையில் கண்டதாக எழுதினால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். இன்னொரு சிக்கல், கட்டுரைகளில் 'இன்றிலிருந்து' என்று போட்டிருந்தால் அந்த 'இன்று' 1950ஆம் ஆண்டு. அளவுத்திருத்தம் செய்த எண்ணா (காற்றில் கார்பன்-14 அளவு காலந்தோறும் மாறியதைச் சரிக்கட்டியது) செய்யாத எண்ணா என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையே ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வரலாம். அவசரத்தில் எழுதும் செய்திகளில் கி.மு. ஆண்டு தவறிப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

எரிமலைச் சாம்பல் இருக்கும் இடங்களில், அதில் சேர்ந்திருக்கும் ஆர்கான் வாயுவை அளந்து வயது காணும் ஆர்கான் முறை கைகொடுக்கும். கிழக்கு ஆப்பிரிக்காவின் பழைய எலும்புகளுக்கு இவ்வளவு துல்லியமான வயது கிடைப்பதற்கு அந்தச் சாம்பல் அடுக்குகளே காரணம். எத்தியோப்பியாவின் ஹடாரில் 1974 நவம்பரில் டொனால்ட் ஜொஹான்சன் குழு கண்ட 'லூசி' என்ற மனித மூதாதையின் எலும்புக்கூடு 32 லட்சம் ஆண்டு என்று சொல்வதும் அப்படித்தான். எலும்பை யாரும் அளக்கவில்லை, சுற்றியுள்ள அடுக்கை அளந்தார்கள். மணல் துகளில் கடைசியாக எப்போது வெயில் பட்டது என்று சொல்லும் ஒளிர்வு முறை இருக்கிறது. குகைச் சுவரில் ஓவியத்தின் மேல் படிந்த சுண்ணப் படலத்தை அளக்கும் யுரேனியம் முறை இருக்கிறது. படலம் ஓவியத்துக்குப் பிறகு வந்தது என்பதால் கிடைப்பது குறைந்தபட்ச வயது மட்டுமே. அந்த 'குறைந்தபட்சம்' என்ற சொல் தலைப்பில் முதலில் காணாமல் போகும் சொல்.

எல்லா முறையும் சரியாக இருந்தும் முடிவு தவறிப்போக வழி உண்டு. இந்தோனேசியாவின் லியாங் புவா குகையில் 2003இல் கிடைத்த, ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டிய உயரமுள்ள ஹோமோ ஃபுளோரெசியென்சிஸ் என்ற, அழிந்துபோன மனித இனம் 18,000 ஆண்டுக்கு முன் வாழ்ந்ததாக 2004இல் அறிவித்தார்கள். நவீன மனிதர் அந்தப் பகுதிக்கு வந்து வெகுகாலம் கழித்தும் இவர்கள் இருந்தார்களா என்று உலகமே வியந்தது. அதே குழு தொடர்ந்து தோண்டிப் பார்த்ததில், பழைய அடுக்கு அரிக்கப்பட்டு அதன்மேல் புதிய மண் வந்து படிந்திருந்தது தெரியவந்தது. முதலில் அளந்த கரி அந்தப் புதிய மண்ணைச் சேர்ந்தது. 2016இல் எலும்புகளின் வயதை 1,00,000 முதல் 60,000 ஆண்டு என்று திருத்தினார்கள். கரியின் வயது சரி, அடுக்குதான் வேறு. தம் முடிவைத் தாமே மறுபடி சோதித்த அந்தக் குழுவின் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

'உலகிலேயே மிகப் பழமையான' என்று எழுதலாமா?

'இதுவரை வயது கணிக்கப்பட்டவற்றுள்' என்று சேர்த்தால் எழுதலாம். சுலவேசித் தீவின் குகை ஓவியங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2014இல் ஒரு கைப்பதிவுக்கு குறைந்தது 39,900 ஆண்டு என்றார்கள். 2019இல் ஒரு வேட்டைக் காட்சிக்கு 43,900, 2021இல் ஒரு பன்றி ஓவியத்துக்கு 45,500, 2024இல் மனித உருவங்களும் பன்றியும் உள்ள காட்சிக்கு 51,200. பத்தாண்டில் இத்தனை முறை. ஓவியம் எதுவும் மாறவில்லை. தேடிய குகைகளும் அளக்கும் கருவியும் மாறின. எனக்கு அந்தச் சாதனைப் பட்டியலைவிட, பன்றியை இவ்வளவு கவனமாக வரைந்தவர்கள் யார் என்ற கேள்விதான் பெரிதாகப் படுகிறது.

'விடுபட்ட கண்ணி' என்று எழுதினால் என்ன தவறு?

ஒரே சங்கிலி இருந்ததாகவும், அதில் ஒரு வளையம் மட்டும் காணவில்லை என்றும் வாசகர் நம்பிவிடுகிறார். உண்மை அப்படி இல்லை. சுமார் 3 லட்சம் ஆண்டுக்கு முன் மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் நம் இனத்தின் ஆரம்பகால மனிதர்கள் இருந்தார்கள். ஐரோப்பாவில் நியாண்டர்தால்கள், ஆசியாவில் டெனிசோவர்கள், தென்னாப்பிரிக்காவில் சிறிய மூளை கொண்ட ஹோமோ நலேடி என்று அழிந்துபோன வேறு மனிதக் கூட்டங்களும் இருந்தன. எல்லாரும் ஏறக்குறைய ஒரே காலத்தவர்கள். இதில் யார் எந்தக் கண்ணி?

2009 மே மாதம் நியூயார்க்கில் 'ஐடா' என்ற புதைபடிவத்தை அறிமுகம் செய்தார்கள். ஜெர்மனியின் மெசல் குழியில் கிடைத்த, 4 கோடியே 70 லட்சம் ஆண்டு பழமையான, அருமையாகப் பாதுகாக்கப்பட்ட சிறு விலங்கு. கட்டுரை வந்த கையோடு புத்தகமும் தொலைக்காட்சிப் படமும் தயாராக இருந்தன. மனித வம்சத்தின் கண்ணி என்று விளம்பரம். அதே வருடம் அக்டோபரிலேயே, எகிப்தில் கிடைத்த உறவுப் புதைபடிவத்தோடு ஒப்பிட்ட வேறு குழு, ஐடாவின் கூட்டம் மனித வம்சத்தின் பக்கம் அல்ல, மடகாஸ்கரில் வாழும் லீமர் என்ற விலங்குகளின் பக்கம் சேர்வது என்று காட்டிவிட்டது. அதே அக்டோபரில்தான் 44 லட்சம் ஆண்டு பழமையான, எத்தியோப்பியாவில் கிடைத்த 'ஆர்டி' என்ற எலும்புக்கூட்டைப் பற்றி 'சயின்ஸ்' 11 கட்டுரைகளை ஒன்றாக வெளியிட்டது. எலும்புக்கூடு கிடைக்கத் தொடங்கியது 1994இல். நொறுங்கிக் கிடந்ததைச் சேர்த்துப் படித்து முடிக்கப் பதினைந்து வருடம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரு வருட இதழியல் வகுப்புக்குச் சமம்.

மோசடியை ஒரு செய்தியாளரால் கண்டுபிடிக்க முடியுமா?

முடிந்திருக்கிறது. இந்தத் துறையில் செய்தியாளர் செய்த மிகப் பெரிய வேலை எது என்று கேட்டால் ஜப்பானின் 'மைனிச்சி' நாளிதழ் 2000இல் செய்ததைத்தான் சொல்வேன்.

ஷினிச்சி ஃபுஜிமுரா என்ற தன்னார்வத் தொல்லியலாளர் தொட்ட இடமெல்லாம் பழைய கற்கருவி கிடைத்தது. 'கடவுளின் கை' என்றே பெயர். அவர் கண்டெடுத்த கருவிகளால் ஜப்பானில் மனிதர் வாழ்ந்த காலம் வருடத்துக்கு வருடம் பின்னால் போய், 6 லட்சம் ஆண்டைத் தொட்டது. பள்ளிப் பாடநூலிலும் ஏறியது. சந்தேகம் கேட்டு வந்த செய்தியாளர்கள், காமிடகாமோரி அகழாய்வுக் களத்தை மறைவாகப் படம்பிடிக்க ஏற்பாடு செய்தார்கள். 2000 அக்டோபர் 22 அதிகாலை, யாரும் இல்லாத நேரத்தில் அவர் தனியாக வருகிறார், குழி பறிக்கிறார், பையிலிருந்து கற்களை எடுத்து வைக்கிறார், மண்ணை மூடிக் காலால் மிதித்துச் சமன் செய்கிறார். எல்லாம் படமாகிவிட்டது.

படம் கையில் இருந்தும் அவர்கள் அன்றைக்கே அச்சேற்றவில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அந்தக் கருவிகள் புதிய கண்டுபிடிப்பாக அறிவிக்கப்படும் வரை காத்திருந்தார்கள். பிறகு படத்தை அவரிடமே காட்டி விளக்கம் கேட்டார்கள், ஒப்புக்கொண்டார். நவம்பர் 5 காலை முதல் பக்கத்தில் வந்தது. அதன்பின் ஜப்பானியத் தொல்லியல் சங்கம் நடத்திய விசாரணையில் அவர் கைபட்ட நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இடங்கள் செல்லாதவை ஆயின.

இதில் இன்னொரு சேதி இருக்கிறது. 1986லேயே ஷிஸுவோ ஓடா, சார்லஸ் கீலி என்ற இரு ஆய்வாளர்கள் அந்தப் பகுதியில் கிடைத்த கருவிகள் சரியாக இல்லை என்று எழுதியிருந்தார்கள். பதினான்கு வருடம் அந்த விமர்சனம் அச்சில் கிடந்தது. புதிய அறிவிப்பு ஒவ்வொன்றும் வந்தபோது யாராவது அதை எடுத்துப் படித்து, பதில் என்ன என்று கேட்டிருக்கலாம். ஒரு கண்டுபிடிப்பைப் பற்றி எழுதும் முன் அதை மறுத்து யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடுவதை நான் வேலையின் முதல் படியாகவே வைத்திருக்கிறேன்.

பிரிட்டனின் பில்ட்டவுன் கதையும் அப்படித்தான். 1912இல் அறிவிக்கப்பட்ட அந்த 'ஆதி ஆங்கிலேயன்' உண்மையில் மனித மண்டையோடும் ஒராங்குட்டான் தாடையும் சேர்த்த ஒட்டுவேலை. பற்களை அரத்தால் ராவியிருந்தார்கள். வெளிப்பட்டது 1953இல். இடையில் 1925இல் ரேமண்ட் டார்ட் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த, சிறிய மூளை கொண்ட மனித மூதாதையான 'டாங் குழந்தை'யின் மண்டையோட்டை அறிவித்தபோது, பெரிய மூளைதான் முதலில் வந்தது என்று பில்ட்டவுனைக் காட்டிப் பலர் அவரை நம்ப மறுத்தார்கள். ஒரு பொய், உண்மையான எலும்பைப் பல பத்தாண்டு காத்திருக்க வைத்தது.

ஆய்வாளர்களே ஒருவருக்கொருவர் சண்டையிட்டால் எப்படி எழுதுவது?

சண்டையை எழுதாமல், எந்தச் சான்றைப் பற்றிய சண்டை என்று எழுதுங்கள். இரு பக்கமும் சமமாக இடம் கொடுப்பது நியாயம் போலத் தோன்றும். சான்று சமமாக இல்லாதபோது அது வாசகரைக் குழப்பும்.

நியூ மெக்சிகோவின் வைட் சாண்ட்ஸ் பாதச்சுவடுகள் நல்ல எடுத்துக்காட்டு. 21,000 முதல் 23,000 ஆண்டு என்று 2021இல் கட்டுரை வந்தது. அமெரிக்கக் கண்டத்தில் மனிதர் வந்த காலத்தையே அது மாற்றுகிறது. அளந்தது நீர்த்தாவர விதைகளை. நீரில் கரைந்த பழைய கார்பனை அவை உறிஞ்சியிருந்தால் வயது கூடிக்காட்டும் என்று விமர்சகர்கள் சொன்னார்கள். குழு அதை ஏற்று, 2023இல் நிலத்தாவரங்களின் மகரந்தத்தையும் மணலின் ஒளிர்வையும் அளந்து அதே வயதைக் காட்டியது. மனத்தாங்கல் இல்லாமல் நடந்த வாதம். இப்படிப்பட்டதை எழுத எனக்கு மிகவும் பிடிக்கும்.

நலேடி விஷயம் அவ்வளவு சீராகப் போகவில்லை. அவர்கள் இறந்தவர்களைப் புதைத்தார்கள், சுவரில் கீறல் வரைந்தார்கள் என்று 2023 ஜூனில் லீ பெர்கர் குழு சக ஆய்வாளர் மதிப்பாய்வுக்கு முன்பே பெரிய அளவில் அறிவித்தது. அடுத்த மாதமே ஆவணப்படமும் வந்தது. 'ஈலைஃப்' இதழ் மதிப்பாய்வாளர்களின் குறிப்புகளை அப்படியே வெளியிட்டபோது, சான்று போதாது என்று அவர்கள் எழுதியிருந்தது எல்லாருக்கும் தெரிந்தது. முதல் அறிவிப்பைப் படித்தவர்களில் எத்தனை பேர் அந்தக் குறிப்புகளைப் படித்திருப்பார்கள்? முதல் செய்தியை எழுதிய செய்தியாளருக்கு இரண்டாவதை எழுதும் கடமையும் உண்டு.

அகழாய்வுக் களத்துக்குப் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

குழியின் அடியைப் பார்க்காதீர்கள், சுவரைப் பாருங்கள். எல்லாரும் குனிந்து அடியில் கிடப்பதைப் படம் எடுப்பார்கள். கதை முழுவதும் நேராக வெட்டிய அந்தச் சுவரில் இருக்கிறது. ஒவ்வொரு அடுக்கிலும் எண் எழுதிய சீட்டு ஆணியடித்திருப்பார்கள். மண்ணின் நிறம் எங்கே மாறுகிறது, சரளைக்கல் வரிசை எங்கே வருகிறது, வட்டமான கருத்த திட்டு ஒன்று தெரிகிறதே அது எலிவளையா, மரவேர் போன தடமா, கம்பம் நட்ட குழியா என்று கேளுங்கள். எலி வளை என்றால் மேலே இருந்த பொருள் கீழே போயிருக்கலாம்.

கையில் ஒரு கல் செதிலைக் கொடுத்தால் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடியுங்கள். அடிவிழுந்த இடத்தில் சிறு தட்டையான மேடை இருக்கும். அதற்குக் கீழே விரலால் தடவினால் தெரிகிற மாதிரி ஒரு புடைப்பு. அந்தப் புடைப்பிலிருந்து வளைவு வளைவாக அலைகள் கிளம்பி ஓரம் வரை போகும். அதற்கு முன் அதே கல்லில் செதில் எடுத்த தழும்புகள் மறுபக்கத்தில் வரிசையாகத் தெரிந்தால், யாரோ திட்டமிட்டு அடித்திருக்கிறார்கள் என்று சொல்லலாம். ஆற்றில் உருண்டு உடைந்த கல்லில் இப்படி ஒழுங்கு அமைவது அரிது.

அப்புறம், கல்லைச் செய்தவர் யார் என்ற கேள்வி. தமிழ்நாட்டின் அத்திரம்பாக்கத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் கற்கருவிகளைக் கண்டார். அங்குள்ள கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று 2011இலும், செதில் நுட்பம் மாறியது சுமார் 3,85,000 ஆண்டுக்கு முன் என்று 2018இலும் சாந்தி பப்பு குழுவினர் வெளியிட்டார்கள். அங்கே மனித எலும்பு கிடைக்கவில்லை. ஆகவே எந்த மனித இனம் அவற்றைச் செய்தது என்று சொல்ல முடியாது. 'தமிழர்' என்றோ 'நவீன மனிதர்' என்றோ தலைப்புப் போட்டால் கல் சொல்லாததை நாம் சொன்னதாகிவிடும்.

மரபணு ஆய்வுச் செய்திகளில் எதில் கவனம் வேண்டும்?

உறுதியின் அளவில். சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த ஒரு விரல் எலும்பின் துணுக்கிலிருந்து 2010இல் ஒரு முழு மனிதக் கூட்டமே தெரியவந்தது. அந்த வழியை உருவாக்கிய ஸ்வாந்தே பேபோவுக்கு 2022இல் நோபல் பரிசு கிடைத்தது. 2025இல் சீனாவின் ஹார்பின் மண்டையோடும் டெனிசோவர் என்று புரதமும் மரபணுவும் காட்டின. இவையெல்லாம் வலுவான முடிவுகள். ஆனால் தோலின் நிறம் போன்றவை நிகழ்தகவாகத்தான் கிடைக்கும். பிரிட்டனில் கிடைத்த, சுமார் 10,000 ஆண்டு பழமையான எலும்புக்கூடான செடார் மனிதன் கருந்தோல் உடையவனாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று 2018இல் சொன்னதை, பத்திரிகைகள் முடிந்த தீர்ப்பாக எழுதின. மரபணுவில் மொழி எழுதியிருக்காது என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு எலும்புக்கூடு எந்த மொழி பேசியது என்று எந்த ஆய்வகமும் சொல்ல முடியாது.

மனித எலும்புகளைப் பற்றி எழுதும்போது யாரிடம் கேட்க வேண்டும்?

வழித்தோன்றல்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள் இருந்தால் அவர்களிடமும். 1996இல் அமெரிக்காவின் கென்னவிக் அருகே ஆற்றங்கரையில் கிடைத்த எலும்புக்கூட்டின் மண்டையோட்டு வடிவத்தைப் பற்றி ஆய்வாளர் சொன்ன ஒரு சொல், பத்திரிகைகளில் 'வெள்ளையர்' என்று ஆகிவிட்டது. ஐரோப்பியர்தான் முதலில் வந்தார்களோ என்றெல்லாம் எழுதினார்கள். அங்குள்ள பழங்குடியினர் அவரைத் தம் மூதாதை என்றார்கள், வழக்கு நீண்டது. 2015இல் மரபணு ஆய்வு பழங்குடியினர் பக்கமே பேசியது. 2017இல் அவரை மறுபடி அடக்கம் செய்தார்கள். இருபது வருடம் அந்தக் குடும்பங்கள் தம் மூதாதையைப் பற்றிச் செய்தித்தாளில் என்னென்ன படிக்க வேண்டியிருந்தது என்று நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

படம் போடும் முன்பும் கேளுங்கள். எலும்புகளின் படத்தைப் பார்ப்பதே துக்கம் என்று கருதும் சமூகங்கள் உண்டு.

களத்தின் சரியான இடத்தை எழுதலாமா?

பாதுகாப்பு இல்லாத களம் என்றால் வேண்டாம். மாவட்டம் அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். புகைப்படத்தில் இடக்குறிப்பு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள். செய்தி வந்த மறுவாரம் திருடர்கள் வந்தால் போன மண்ணடுக்கு திரும்ப வராது.

கண்டுபிடிப்பு மட்டும்தான் செய்தியா?

ஆய்வு நடக்கும் விதமும் செய்திதான். கள ஆய்வில் ஈடுபட்டவர்களிடம் நடத்திய ஒரு கணக்கெடுப்பு 2014இல் 'பிளோஸ் ஒன்' இதழில் வந்தது. பதில் சொன்ன 666 பேரில் 64 சதவீதம் பேர் களத்தில் பாலியல் தொந்தரவைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவருக்கு மேல் பாலியல் தாக்குதலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பெரும்பாலோர் மாணவிகள், பயிற்சியில் இருந்தவர்கள். கண்டுபிடிப்பைக் கொண்டாடி எழுதுபவர்கள் இதையும் எழுதியாக வேண்டும். எழுதினால் சில கதவுகள் மூடும். பேச வந்தவர்களின் பெயரையும் ஆதாரங்களையும் காப்பது அப்போது எல்லாவற்றுக்கும் மேலான கடமை.

இதை வைத்துப் பிழைக்க முடியுமா?

இது ஒன்றை மட்டுமே நம்பி இருப்பவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலோர் மருத்துவம், சுற்றுச்சூழல், வானியல் என்று வேறு அறிவியலும் எழுதுகிறார்கள், அல்லது தொகுப்பாசிரியர் வேலை பார்க்கிறார்கள். தொல்லியலை அதில் ஒரு பங்காக வைத்துத் தொடங்குவதுதான் சரி.

முதல் கட்டுரைக்கு எதை எடுப்பது?

புதிய கண்டுபிடிப்பை விட்டுவிடுங்கள், பழையது ஒன்றை எடுங்கள். ஆல்ப்ஸ் மலையில் 1991இல் கிடைத்த, சுமார் 5,300 ஆண்டு பழமையான, பனியில் உறைந்திருந்த ஓட்சி என்ற மனித உடலின் தோளில் அம்புமுனை இருந்தது 2001இல் எக்ஸ்ரே படத்தில்தான் தெரிந்தது. அதுவரை குளிரில் உறைந்து இறந்தவர் என்றே பலர் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஸ்வீடனின் பிர்காவில் 1878இல் தோண்டிய, ஆயுதங்களும் குதிரைகளும் நிறைந்த கல்லறையில் இருந்தவர் பெண் என்று மரபணு வழியாக வெளியானது 2017இல். ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்த எலும்புகள் சேமிப்பறையில் இருந்தன.

உங்களுக்கு எட்டும் தூரத்தில் உள்ள அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்காத பொருள்களின் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள். எப்போது, யார், எந்த அடுக்கிலிருந்து எடுத்தார் என்ற பத்திகள் இருக்கும். சில வரிகளில் அடுக்கின் பத்தி காலியாக இருக்கும். அந்தப் பத்தி நிரம்பியிருக்கிற ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, கடைசியாக அதை ஆய்வு செய்தவர் யார் என்று காப்பாளரிடம் கேளுங்கள். அவருடைய தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.